பெரியப்பாவின் குச்சியும் கல்பாக்கம் டேங்கும்

நாமக்கல்லில் என் பெரியப்பாவுக்கு மூணு லாரி. வண்டி செட்டுக்கு வந்ததும் அவரே போய் டீசல் டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார். "ஏனுங்க பெரியப்பா, இருபது வருஷமா இருக்கற டிரைவரை சந்தேகப்படறீங்களே?"ன்னு கேட்டேன். "சந்தேகம் இல்ல கண்ணு. ஓட்டறவனே அளந்தா அது அளவா?"ன்னார்.

சரி, மேட்டருக்கு வர்றேன். எரிஞ்சு முடிஞ்ச அணு எரிபொருளை நைட்ரிக் அமிலத்தில் கரைச்சு புளூட்டோனியம் பிரிக்கிற ஆலை கல்பாக்கத்தில் இருக்கு. அங்கே டேங்கில் குச்சி விட முடியாது, ஆளே கிட்டப் போக முடியாது. மெல்லிய குழாய் வழியா காத்தை உள்ளே விடுவாங்க. குமிழியை வெளியே தள்ள எவ்வளவு அழுத்தம் தேவைப்படுதோ, அதை வச்சு ஆழத்தைக் கணக்குப் போடுவாங்க. வேறவேற உயரத்தில் ரெண்டு குழாய் இருந்தா திரவத்தோட அடர்த்தியும் கிடைச்சுடும். எளிமையான, அழகான வித்தை. எவ்வளவு புளூட்டோனியம் இருக்குங்கற கணக்கே இந்த அளவை நம்பித்தான்.

கருவி சரியா இருந்தா போதுமா? பிரிட்டன் செல்லாஃபீல்டில் தோர்ப்னு ஓர் ஆலை. 2005 ஏப்ரலில் பார்த்தா, உடைஞ்ச குழாய் வழியா 83,000 லிட்டர் கரைசல் தரையில கொட்டிக் கிடக்கு. அதுல மட்டும் சுமார் 20 டன் யுரேனியம்! மாசக்கணக்கா ஒழுகியிருக்கு. கீழே இருந்த கருவிகள் அறிகுறி காட்டியும் யாரும் கண்டுக்கல. கடைசியில கணக்கு இடிச்சதால்தான் விஷயம் தெரிஞ்சது. வெளியே இருந்த கண்காணிப்பு அமைப்பு வழக்குப் போட்டு, 2006ல அஞ்சு லட்சம் பவுண்டு அபராதம்.

நம்ம கதை? 2003 ஜனவரி 21. கல்பாக்கத்தில் குறைந்த கதிரியக்கக் கழிவுன்னு நம்பி ஒரு டேங்கிலிருந்து சாம்பிள் எடுக்கறாங்க. வால்வு பழுதாகி அதுக்குள்ள அதிகக் கதிரியக்கத் திரவம் வந்து சேர்ந்திருந்தது. அந்த இடத்தில் கதிர்வீச்சு மானிட்டரே இல்லை. ஆறு ஊழியர்கள் மாட்டிக்கிட்டாங்க. ஊருக்குத் தெரிஞ்சது ஆகஸ்ட்டில்!

இதைவிட எரிச்சலான விஷயம்: 2000லேயே பாபா அணு ஆராய்ச்சி மைய ஆலைகளை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுத்துட்டாங்க. ஓட்டறவரும் அவரே, அளக்கறவரும் அவரே. என் ஆபீஸில் நான் எழுதின நாலு வரி கோடைக்கூட நானே டெஸ்ட் பண்ணி ரிலீஸ் பண்ண விடமாட்டாங்க சாமி.

"தேசப் பாதுகாப்பு, ரகசியம்"னு சொல்றவங்களுக்கு: புளூட்டோனியக் கணக்கைப் பேப்பரில் போடச் சொல்லலை. அந்த மையத்துக்குக் கீழே வராத ஒரு இன்ஜினியர், ரகசியக் காப்பு உறுதிமொழி எடுத்துக்கிட்டே, டேங்க் அளவையும் கழிவுக் கணக்கையும் பார்க்கட்டும். விபத்து நடந்தா எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்னு அவர் முடிவு பண்ணட்டும்.

விஞ்ஞானிகளை அவமானப்படுத்தறேன்னு பின்னூட்டம் போடப் போற அண்ணன்மார்களே, அந்த ஆறு பேரும் அங்கே வேலை பார்த்தவங்கதான்.