"பெயிலானதுகூட இல்ல, நான் சொன்ன பொய்தான் அவனைத் தச்சிருச்சு!" - திண்டுக்கல் அம்மாவின் ஒரு வருடம்

2025 மே 16, காலை 9 மணி. எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட். 'தேர்ச்சி 93.80 சதவிகிதம்... வழக்கம்போல மாணவிகளே டாப்!' என்று தலைப்பு போட்டு, நோட்டிஃபிகேஷன் தட்டிவிட்டது நான்தான். அடுத்து மாவட்டவாரியாகத் தேர்ச்சி, அடுத்து சென்டம் எடுத்தவர்கள் என்று மதியம் வரை ஓட்டம். அந்தச் செய்திகளின் கடைசி வரி எல்லா வருடமும் ஒன்றுதான்: 'தேர்ச்சி பெறாதவர்கள் துணைத்தேர்வு எழுதலாம்.' முந்தைய வருடச் செய்தியிலிருந்து எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.

தேர்வெழுதிய 8.71 லட்சம் பேரில், அந்தக் கடைசி வரிக்குள் இருந்தவர்கள் கிட்டத்தட்ட 54,000 பேர். அவர்களில் ஒரு பையனுடைய அம்மாதான் இந்த வாரம் பேசுகிறார்.

இந்த வருடப் பத்தாம் வகுப்புத் தேர்வுகள் முடிந்த வாரத்தில், இந்தப் பகுதிக்கான வாட்ஸ்அப் எண்ணுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. நாலு நிமிடம். பின்னணியில் தையல் மெஷின் சத்தம். "ரிசல்ட் வரப்போகுதுல்ல பாப்பா... அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணும்னு தோணுச்சு" என்று ஆரம்பித்தார். மறுநாள் நான் அழைத்தேன். மூன்று நாள்கள், வேலைக்கு நடுநடுவே பேசினார். மெஷின் ஓடும்போது சாதாரண விஷயங்களைச் சொன்னார். சொல்லச் சிரமமான இடம் வந்தால் மெஷின் நின்றுவிடும். இரண்டாவது நாளிலேயே எனக்கு அது பிடிபட்டுவிட்டது.

திண்டுக்கல்லில் வீட்டிலேயே பிளவுஸ், சுடிதார் தைத்துக் கொடுக்கிறார். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். தினமும் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய் வருவார். ஒரே பையன்.

"அன்னிக்குக் காலைல ஒரு பட்டு பிளவுஸுக்குக் கை வெட்டிக்கிட்டு இருந்தேன். போன்ல 'ரிசல்ட் வந்துருச்சு'ன்னு மேல வந்து நின்னுச்சு. அவன் உள்ரூம்ல இருந்தான். 'என்னடா ஆச்சு?'ன்னு கத்தினேன். பதிலே இல்ல. போய்ப் பாத்தா போனைக் கட்டில்ல போட்டுட்டு செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கான். 'கணக்கு 27'னு சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல. போயிட்டான்."

பாஸ் மார்க் 35. மற்ற நான்கு பாடங்களிலும் தேறியிருந்தான்.

"எட்டு மார்க்குதான... கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், சரியாப் போயிருக்கும். ஆனா மத்தியானம் ரெண்டு மணி ஆச்சு, வரல. நாலு மணி, வரல. அவன் கூட்டாளிங்க வீடு எல்லாம் போய்ட்டேன். யாரும் பாக்கல. அப்பதான் பாப்பா, டிவியில வருதே அந்தச் செய்தி எல்லாம் ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் பாத்துட்டு 'அய்யோ பாவம்'னு சேனலை மாத்துவோம்ல... அது."

இங்கே மெஷின் நின்றது.

(கதையை நிறுத்தி ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். ரிசல்ட் நாளில் பிள்ளை இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால், அல்லது பெற்றவர்களுக்கு என்ன பேசுவதென்றே தெரியாவிட்டால், 104-க்கும் 14416-க்கும் இலவசமாக அழைத்துப் பேசலாம். அவருக்கு அன்றைக்கு இந்த எண்கள் தெரிந்திருக்கவில்லை. என்னுடைய செய்தியிலும் அவை இல்லை.)

ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பையன் திரும்பி வந்தான். பஸ் ஏறிப் பழனி போயிருக்கிறான். கோயிலுக்கெல்லாம் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா தட்டு எடுத்து வைத்தார். அம்மா தோசை ஊற்றினார். ஏழு தோசை சாப்பிட்டான் என்பது அம்மாவுக்கு இன்னும் எண்ணிக்கையோடு நினைவிருக்கிறது.

"அன்னிக்கு ராத்திரி நான் நல்ல அம்மாவாத்தான் இருந்தேன். ரெண்டு வாரம் கழிச்சுதான் கெடுத்தேன்."

வத்தலக்குண்டில் அண்ணன் வீட்டில் காதுகுத்து. பந்தியில் இவர் உட்கார்ந்திருக்க, எதிரில் நின்று மதினி கேட்டிருக்கிறார், நாலு பேர் காதில் விழ: "பையன் என்னாச்சு? எத்தனை மார்க்கு?"

"'பாஸாயிட்டான் மதினி. 387. ஃபர்ஸ்ட் குரூப் கேட்டுருக்கோம்'னு சொல்லிட்டேன். அந்த 387 எங்க இருந்து வந்துச்சுன்னு இன்னி வரைக்கும் தெரியல. சொல்லி முடிச்சுட்டுத் திரும்புனா, என் பின்னாடி தண்ணி ஜக்கோட நிக்கிறான். பந்திக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்திருக்கான். என் டம்ளர்லயும் ஊத்துனான். கை ஆடல, ஒண்ணும் இல்ல. அடுத்த இலைக்குப் போயிட்டான்."

அதற்குப் பிறகு வீட்டில் அவனுடைய பேச்சு 'ம்', 'வேணாம்', 'போறேன்' என்று மூன்று வார்த்தைகளுக்குள் அடங்கிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு உள்ரூமுக்குப் போய்ச் சாப்பிட்டான். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷம் என்றால் வரவே மாட்டேன் என்றான். அதே மாதங்களில் குரலும் உடைந்தது. "அந்த 'ம்'மே வேற யாரோ சொல்ற மாதிரி இருந்துச்சு பாப்பா. ஊமையாயிட்டானேன்னு அழவா, குரல் மாறிடுச்சேன்னு அழவா?"

பதினைந்து, பதினாறு வயதில் கதவைச் சாத்திக்கொள்ளாத பையன் அபூர்வம்தான். எல்லாம் வயசுக் கோளாறு என்று அக்கம்பக்கத்தில் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இவரும் அதையே பிடித்துக்கொண்டு கொஞ்ச நாள் ஓட்டியிருக்கிறார். "எனக்கு அது வசதியா இருந்துச்சு" என்றார். இப்படி ஒரு வாக்கியத்தை எந்த அம்மாவும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

துணைத்தேர்வுக்கு, தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் டியூஷன் போனான். விடைத்தாளைப் பற்றி விசாரித்த அவர், முதல் நாளே விஷயத்தைப் பிடித்துவிட்டார். வடிவியலும் வரைபடமும் எட்டு எட்டு மார்க். இரண்டையும் பயந்து தொடாமல் விட்டிருக்கிறான். பதினாறு மார்க் அப்படியே கிடந்திருக்கிறது. அதையே போட்டுப் போட்டுப் பழக்கினார். ஜூலையில் எழுதி, 41 மார்க்கில் பாஸ்.

இனி பிளஸ் ஒன் சேர வேண்டியதுதானே? 'ஐ.டி.ஐ. போறேன். எலெக்ட்ரீஷியன்' என்றான் பையன். அம்மா மாட்டவே மாட்டேன் என்று நின்றார். மூன்று நாள் சண்டை.

"வெளிய நான் சொன்ன காரணம் வேற. 'நல்லாப் படிக்கிற பையன், கையில அழுக்கோட நிக்கணுமா'ன்னு சொன்னேன். உள்ள இருந்த காரணம் என்ன தெரியுமா? மதினிகிட்ட ஃபர்ஸ்ட் குரூப்னு சொல்லிட்டேன்ல... ஐ.டி.ஐ. போனா குட்டு உடைஞ்சிரும். எம் புள்ள என்ன ஆகணும்னு நான் யோசிக்கவே இல்ல, அந்தப் பந்தியில நான் என்ன ஆவேன்னுதான் யோசிச்சேன். அவுக அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார். 'நீ சொன்ன பொய்க்கு அவன் ரெண்டு வருஷம் படிக்கணுமா?'"

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்தபோது, என் அம்மா சொந்தக்காரர்களிடம் 'எம்.ஏ. படிக்கிறா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் இருந்து நான் கேட்டிருக்கிறேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அதை இன்று வரை அவரிடம் பேசியதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்தது. எலெக்ட்ரீஷியன் இரண்டு வருடப் படிப்பு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் தனி. முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம், அங்கிருந்து பி.இ. இரண்டாம் வருடத்துக்கும் போகலாம். ஐ.டி.ஐ. என்றால் படிப்பு அத்தோடு முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். பையன்தான் எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தான், யாரிடமும் சொல்லாமலே.

"யூனிஃபார்ம் நானே தச்சேன். அளவெடுக்க நிக்க வச்சா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். போன வருஷம் பேன்ட் உயரம் 36. இப்ப டேப்பப் போட்டா 39! தோளு எம்புட்டு அகலமாயிருச்சு. ரெண்டரை மாசமா நான் தொடாத புள்ள... அளவெடுக்கிற சாக்குல ஒரு தடவைக்கு மூணு தடவையா எடுத்தேன். அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். நின்னான்."

தீபாவளி சமயத்தில் ஒரு கலாட்டா. நாற்பது பிளவுஸ் ஆர்டர் குவிந்து கிடக்க, மெஷின் மோட்டார் பொறி கக்கிவிட்டு நின்றுவிட்டது. பையன் கழற்றிப் பார்த்து, 'கார்பன் பிரஷ் தேஞ்சு போச்சு' என்றான். புதுசு வாங்கி வந்து மாட்டினான். ஒரு மணி நேரம் ஓடியது, மறுபடி நின்றது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்தவர் பார்த்துவிட்டு, "பையன் கண்டுபிடிச்சது கரெக்ட்டுதான்க்கா. வாங்குன சைஸுதான் தப்பு" என்றிருக்கிறார்.

"அப்ப சிரிச்சான். அஞ்சு மாசமாச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து. எனக்கு மட்டும் சிரிக்க முடியல. திட்டுனதுல ஒரு வார்த்தை, 'கணக்கே வராதவனுக்கு கரன்ட் வருமா'ன்னு கேட்டுட்டேன். அது வாயை விட்டுப் போயிருச்சு."

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் மட்டும் தனியாக வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினார். மதினி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, காபி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். கணக்கில் பெயில், ஜூலையில் எழுதினான், ஐ.டி.ஐ. படிக்கிறான், 387 பொய்.

"மதினி என்ன சொன்னாங்க தெரியுமா? 'எங்களுக்கு அப்பவே தெரியும்டி. அவன் கூடப் படிச்ச பொண்ணு எங்க பக்கத்து வீட்டுக்குத்தான் வருது. நீ சங்கடப்படுவியேன்னு கேக்கல.' எனக்கு எங்க மூஞ்சிய வைக்கிறதுன்னு தெரியல. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொய்யை, எட்டு மாசம் நானும் எம் புள்ளையும் தூக்கிச் சுமந்திருக்கோம்."

ராத்திரி வந்து பையனிடம் சொன்னார். 'ம்' என்றான். அவ்வளவுதான். கட்டிப்பிடித்து அழுதார்களா என்று நானும் ஆசையாகத்தான் கேட்டேன். "அதெல்லாம் சினிமாவுல பாப்பா" என்று சிரித்தார்.

ஆனால் நாலைந்து நாள் கழித்து, கரன்ட் இல்லாத ஒரு ராத்திரி, வாசல்படியில் உட்கார்ந்திருந்தபோது அவனாகவே ஒன்று சொல்லியிருக்கிறான். ரிசல்ட் அன்று அவன் நேராகப் பழனிக்குப் போகவில்லை. ஒட்டன்சத்திரத்தில் இறங்கியிருக்கிறான், அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று. மார்க்கெட் வாசலில் அப்பா மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். கூட இருந்தவர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

"அவுக அப்பாகிட்ட இதை இன்னும் நான் சொல்லல" என்றார். மெஷின் ரொம்ப நேரம் ஓடவே இல்லை.

இப்போது எப்படி இருக்கிறான்? சாப்பாடு பாதி நாள் கூடத்தில், பாதி நாள் உள்ரூமில். காலையில் எழுப்ப நாலு தடவை கத்த வேண்டியிருக்கிறது. கணக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஐ.டி.ஐ.யிலும் கணக்கு உண்டு என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்ததாம். தெருவில் இரண்டு வீட்டில் ஃபேன் மாட்டிக் கொடுத்து, வாங்கிய காசில் அம்மாவுக்கு ஒன்றும் வாங்கித் தரவில்லை, தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டு வந்து நின்றான். அதற்கும் ஒரு சண்டை.

மூன்றாம் நாள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் வந்துவிட்டான். சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. இதை எழுதுவது பற்றி மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் அக்கா என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். போனைக் கட் பண்ணாமலே கேட்டார்.

"பத்திரிகைல இருந்து ஒரு பொண்ணுடா. உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருக்கோம். எழுதவான்னு கேக்குது."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தையும்."

"27-னு சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

கொஞ்சம் இடைவெளி.

"41-ஐயும் சொல்லு. பேரு மட்டும் போட வேணாம்னு சொல்லிட்டு, வந்து சோத்தைப் போடு."