முதலில் சாதுவான குதிரை

புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில் 30 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் குதிரைச் சிலைக்கு மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகள் குவிகின்றன. அதை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு உயிருள்ள குதிரையில் சவாரியும் கற்றுத்தர வேண்டும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தால் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய புதுக்கோட்டைக்கு இது முடியாததா? துடிப்பான இளங்குதிரை வேண்டாம். சத்தத்துக்கு மிரளாத, வயதேறிய குதிரை போதும். எடுத்த எடுப்பில் ஏற்ற வேண்டாம். பிள்ளைகள் முதலில் அதன் உடம்பைத் தேய்த்துவிடட்டும், காது எப்போது பின்னால் மடிகிறது என்று கவனிக்கட்டும். பிறகு ஒருவர் கயிறு பிடித்து நடத்த, கடிவாளத்தைத் தொடாமல் உட்காரப் பழகட்டும்; தடுமாறும்போது குதிரையின் வாயை இழுக்கும் கெட்ட பழக்கம் வராது. பயந்த பிள்ளையை அதட்டி ஏற்றுகிறவரை மட்டும் அருகில் விடாதீர்கள். பிள்ளையின் நடுக்கம் குதிரைக்கும் தெரிந்துவிடும்.