வாக்குத்தத்த அட்டையில் வராத வசனங்கள்

வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் சர்ச்சில் ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகளை வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்கணும். அதில் இருக்கிற வசனம்தான் அந்த வருஷம் முழுக்க நமக்கான வாக்குத்தத்தம். கிறிஸ்தவ வாசகர்களுக்கு இது தெரியும், மற்றவங்களுக்காகச் சொல்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல நானும் எடுத்துட்டு வர்றேன். ஆசீர்வாதம், சமாதானம், தலையாக்குவேன் வாலாக்க மாட்டேன், இப்படித்தான் வரும். "இந்த வருஷம் உன் வயலில் ஒன்றும் விளையாது" என்று யாருக்கும் ஒரு அட்டை வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் விளையாத வருஷங்கள் வந்திருக்கு. நிறையவே வந்திருக்கு.

வேதத்தைப் படிச்சா தைரியம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் வந்திருக்கு, அதனாலதான் எழுதறேன். என்ன ஒண்ணு, எனக்கு அது அட்டையில் இருந்து வரலை. அட்டைக்காகக் கத்தரிச்சு எடுத்தது போக மிச்சம் கிடக்கிற பக்கங்களில் இருந்துதான் வந்தது. யாரையும் மதம் மாத்துறதுக்காக இதை எழுதலை நண்பர்களே, அந்தப் பயம் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை வருஷாவருஷம் வேடிக்கை பார்த்து வளர்ந்தவன்தான் நானும்.

அட்டையிலும் காலண்டரிலும் அதிகமாக வருகிற வசனம் எரேமியா 29ஆம் அதிகாரம் 11. உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமைக்கான நினைவு இல்லை, சமாதானத்துக்கான நினைவு என்று கடவுள் சொல்கிற இடம். நல்ல வசனம்தான். ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அவங்க சீக்கிரமே ஊருக்குத் திரும்பிடலாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்படியே சொல்லி ஏமாற்றின தீர்க்கதரிசிகளும் இருந்தாங்க. எரேமியா என்ன சொல்றார்னா, வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, அதில் விளையறதைச் சாப்பிடுங்க, அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்க. இது 5, 6 வசனம். பத்தாவது வசனத்தில் 70 வருஷம் ஆகும் என்கிறார். அதுக்கு அடுத்ததுதான் நம்ம காலண்டர் வசனம். 70 வருஷம்னா கடிதத்தை வாசிச்ச பெரியவங்க யாரும் திரும்பிப் போகப்போறது இல்லை. இந்தப் பத்தாவது வசனத்தை அட்டையில் அச்சடிக்க எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது. ஆனா ஒரு சம்சாரிக்குப் பிரயோசனமானது அதுதான். தென்னை வைக்கிறவனுக்கு அந்தக் கணக்கு தெரியும்.

எங்க ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. உபதேசியார் சம்சாரம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேதத்தை வைத்துத்தான் எழுத்துக்கூட்டப் படிச்சாங்க. தமிழில் அச்சான வேதத்துக்கு முன்னூறு வருஷக் கதை இருக்கு. சீகன்பால்க் ஐயர் 1706ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், 1715ல் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாங்க. எங்க ஆச்சி படிச்சது அதுக்கு ரொம்பப் பின்னால, 1871ல் பவர் ஐயர் தலைமையில் திருத்தி வந்த மொழிபெயர்ப்பு. இன்னைக்கும் புரொட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலும் அதுதான். பழைய நடை, வடமொழி ஜாஸ்தி, ஒப்புக்கொள்றேன். ஆனால் அதில் முன்மாரி, பின்மாரி என்று இரண்டு வார்த்தை வரும். அந்த இரண்டு வார்த்தைக்காகவே எனக்கு அந்தத் தமிழ் பிடிக்கும். அந்த நாட்டிலும் நம்ம ஐப்பசி வாக்கில்தான் மழை தொடங்குமாம். அதுதான் முன்மாரி. விதைப்புக்கான மழை. பின்மாரி பங்குனி வாக்கில், கதிர் முற்றுகிற சமயத்தில். மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுதின புஸ்தகம் இதுன்னு அந்த ரெண்டு வார்த்தையிலேயே தெரிஞ்சிடும்.

உபாகமம் 11ஆம் அதிகாரத்தைப் பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். கடவுள் இஸ்ரவேல் ஜனங்களுக்குக் கொடுக்கிற நல்ல தேசம், பாலும் தேனும் ஓடுகிற தேசம் என்று. நானாகப் படித்தபோதுதான் கவனித்தேன். எகிப்தில் நீங்கள் காலால் தண்ணீர் பாய்ச்சி கீரைத்தோட்டம் மாதிரி விவசாயம் செய்தீர்கள், இது அப்படி இல்லை, மலையும் பள்ளமும் உள்ள பூமி, வானத்து மழையைக் குடிக்கிற பூமி என்று அங்கே இருக்கு. அதாவது எகிப்து நஞ்சை. கடவுள் கொடுத்தது மானாவாரி! நாற்பது வருஷம் வனாந்தரத்தில் நடக்க வைத்துவிட்டு, கடைசியில் பட்டாவைப் பார்த்தால் புஞ்சை. எங்க பக்கத்துச் சம்சாரி யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தா அன்னைக்கே ஒரு சண்டை நடந்திருக்கும். மானாவாரிக்காரன் தலைவிதி என்னன்னு அதை எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவே எனக்கு ஒரு ஆறுதல்.

126ஆம் சங்கீதத்தில் கண்ணீரோடு விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடு அறுப்பார்கள் என்று வருகிற இடம் எல்லாருக்கும் மனப்பாடம். விதைக்கிறபோது ஏன் அழணும்? பட்டணத்துப் பிரசங்கியார்கள் இதுக்கு ஊழியம், ஜெபம் என்று விளக்கம் சொல்வாங்க. எங்க ஐயா காலத்தில் குலுக்கையில் விதைச் சோளம் தனியாக இருக்கும். வேப்பந்தழை போட்டு மூடி வைத்திருப்பார். ஆனி, ஆடியில் வீட்டில் தவசம் தீர்ந்திடும். பிள்ளைகள் பசிக்குதுன்னு சொல்லும். குலுக்கையில் தானியம் இருக்கும், அதைத் தொடக் கூடாது. மழை விழுந்ததும் அதை எடுத்துட்டுப் போய் மண்ணில் போடணும். பிள்ளை வாயில் போடாததை மண்ணில் போடறவனுக்குக் கண்ணீர் வராம என்ன வரும்? அந்த வசனத்துக்கு வேற விளக்கம் எனக்கு வேண்டாம்.

2018ல் மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டுக்குள் அது அப்போதுதான் வந்தது. என்ன மருந்து அடிக்கணும்னு மருந்துக்கடையிலும் சரியாச் சொல்லத் தெரியலை. குருத்துக்குள்ளே உட்கார்ந்து தின்னும், மரத்தூள் மாதிரி எச்சம் தள்ளும். குருத்தில் மணலைப் போட்டோம், சாம்பலைப் போட்டோம், மூணு தடவை மருந்து அடிச்சோம். மூணு ஏக்கரில் மாட்டுத் தீவனத்துக்குத் தட்டை மிஞ்சினது. அப்போ விசாரிக்க வந்த ஒருத்தர், யோவேல் 2ஆம் அதிகாரத்தில் வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைத் திரும்பத் தருவேன்னு கடவுள் சொல்லியிருக்கார், விசுவாசமா இருங்கன்னு சொல்லிட்டுப் போனார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அன்னைக்கு ராத்திரி யோவேலை முதல் அதிகாரத்தில் இருந்து படிச்சேன். பச்சைப்புழு, வெட்டுக்கிளி, பச்சைக்கிளி, முசுக்கட்டைப்பூச்சி என்று வரிசையாக வருது. ஒன்று விட்டதை இன்னொன்று தின்னுது. (பச்சைக்கிளி என்றால் அங்கே வெட்டுக்கிளியில் ஒரு வகையாம். எங்க ஊரில் நிஜப் பச்சைக்கிளியே அந்த வேலையைச் செய்யும்.) மண்கட்டிக்குக் கீழே விதை மக்கிப் போனது, களஞ்சியம் இடிந்து கிடப்பது, மேய்ச்சல் இல்லாமல் மாடு தவிப்பது, எல்லாம் இருக்கு. பயிரிடுகிறவங்களைக் கூப்பிட்டு, அழுங்கள் என்று சொல்லியிருக்கு. விசுவாசமா இருன்னு எடுத்ததும் சொல்லலை. முதலில் ஒரு அதிகாரம் முழுக்க நஷ்டக் கணக்கு எழுதியிருக்கு. எங்க கிராம நிர்வாக அலுவலர் எழுதின பயிர்ச் சேத அறிக்கையைவிட அது விவரமாக இருந்தது. என் வயலை ஒருத்தர் நேரில் வந்து பார்த்துட்டுப் போன மாதிரி இருந்தது. அந்த ராத்திரி தூங்கினேன்.

அதுக்கு அடுத்த வருஷம் நிலத்தைக் கேட்டு ஆள் வந்தாங்க. எங்களுக்குக் கிழக்கே இரண்டு காட்டில் ஏற்கெனவே கல் ஊன்றிப் பிளாட் போட்டாச்சு. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகன், வித்திடலாம்ப்பா, கடனை அடைச்சிட்டு நீங்களும் அம்மாவும் இங்கே வந்து இருங்கன்னு சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. நான் விற்கவில்லை. அந்த நாட்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது எரேமியா 32.

எருசலேமைப் பாபிலோன் சேனை சுற்றி வளைச்சு நிற்குது. எரேமியா காவலில் கிடக்கிறார். அந்த நேரத்தில் பெரியப்பா மகன் வந்து, ஆனதோத் ஊரில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கோ, உனக்குத்தான் உரிமை இருக்கு என்கிறான். எதிரிப் படை நிற்கிற நிலம்! நம்ம பக்கம் இப்படி ஒருத்தன் வந்தா வில்லங்கச் சான்று கேட்போம். எரேமியா 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சி வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டுப் பத்திரப்படுத்தச் சொல்றார். "கிரயப்பத்திரம்" என்கிற வார்த்தையே தமிழ் வேதத்தில் இருக்கு. இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்குவாங்க என்பதுக்கு அடையாளமாம். அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச இடம். பணத்தைக் கொடுத்து முடிச்சிட்டு எரேமியா ஜெபம் பண்றார். ஊரே எதிரி கைக்குப் போகுது, நீர் என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்கிறார். பதிவு ஆபீசில் இருந்து வெளியே வந்ததும் எவனுக்கும் வருகிற அதே கலக்கம்.

அந்த நிலத்தில் எரேமியா ஒரு சால் உழுததாக வேதத்தில் இல்லை. பிற்பாடு அவரை எகிப்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடவுள் எனக்கு இந்த அதிகாரம் மூலமாக விற்காதேன்னு சொன்னார்னு நான் சாட்சி சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ற ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம். நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு வேணும்னா ஒரு ஏக்கரை விற்கத்தான் வேண்டியிருக்கும். தனக்குப் பலன் வராது என்று தெரிஞ்சும் ஒருத்தர் நிலத்தை வாங்கினார், அவர் பைத்தியக்காரர் இல்லை. அந்த ஒரு தகவல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அப்படி ஒரு ஆள் எங்க பக்கத்திலேயே இருந்தார். ராக்லாந்து ஐயர். கேம்பிரிட்ஜில் பெரிய படிப்பு, மதராசில் மிஷன் சங்கத்துச் செயலாளர் வேலை. அதை விட்டுட்டு 1854ல் வடதிருநெல்வேலிக்கு வந்து கூடாரம் அடிச்சு, ஊர் ஊராகப் போனார். 1910 வரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் திருநெல்வேலி ஜில்லாதான். உடம்பு சுகமில்லாத மனுஷன். 1858ல் சிவகாசியில் இறந்தபோது வயசு 43. கண்ணால் பார்த்த பலன் கொஞ்சம்தான். நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணி என்று யோவான் எழுதினதில் ஒரு உவமை வரும், அதைத்தான் தன் வேலைக்கு வழியாக வைத்திருந்தார். நான் கோதுமை விதைத்ததில்லை. சோளம், கம்பு, பருத்தி என்று வைத்துப் பார்த்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பட்டணத்தில் இருந்து படிக்கிற நீங்கள், கிறிஸ்தவர் இல்லை என்றாலும், மனசு சரியில்லாத ஒரு நாளில் எடுத்துப் பாருங்க. பழைய தமிழ் கஷ்டமாக இருந்தால் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருக்கு, நடை சுலபம். வசனம் தேடாதீங்க, அதிகாரமாகப் படிங்க. எரேமியா 32 அரை மணி நேரம்கூட ஆகாது. யோவேல் மொத்தமே மூணு அதிகாரம்தான். நான் இந்த வருஷம் எடுத்த அட்டை சட்டைப்பையில் இருந்து துவைக்கப் போயிடுச்சு, என்ன வசனம்னு படிக்க முடியலை. புரட்டாசி உழவுக்கு டிராக்டர் சொல்லியிருக்கேன்.