செவியோடு நின்றுவிடுமோ செந்தமிழ்?

திரைப்படத்தில் வருவது பாட்டன்று, வெறும் கூச்சல் என்று கூறும் அறிஞர் தமிழ்ச் சங்கங்களில் இன்றும் உளர். அவர்க்கு எதிர்முனையில் மற்றொரு சாரார் உளர். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ மேடை அமைத்து, 1960களின் பாடல்களை இசைக்கருவிகளோடு பாடிக் கைத்தட்டல் பெற்றுவிட்டால் தமிழ்ப்பணி நிறைவெய்திற்று என்று கருதுவோர் அவர். முன்னவர் அப்பாடல்களை இகழ்கின்றனர், பின்னவர் புகழ்கின்றனர். எனினும் இருவரும் செய்யும் பிழை ஒன்றே என்பது நம் வழக்கு. 1960களின் பிற்பகுதியில் வானொலி வழியே வந்த திரைப்பாடல், பிறமொழி மண்ணில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்திற்கு ஒரு பள்ளிக்கூடமாக விளங்கிற்று. முன்னவர் அப்பள்ளியைக் கண்டாரில்லை. பின்னவரோ பள்ளியை மூடிவிட்டு அதன் மணியை மட்டும் ஓயாது அடித்துக்கொண்டிருக்கின்றனர்.

வானொலிக்குப் பெயர் தந்த நகரம்

வானொலி வரலாற்றில் மைசூருக்குத் தனியிடம் உண்டு. மகாராசாக் கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி, 1935 செப்டம்பரில் தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றலுடைய சிறு கருவியைக் கொண்டு ஒலிபரப்பைத் தொடங்கினார். 'ஆகாசவாணி' என்பது அந்நிலையத்திற்கு வழங்கிய பெயர். பின்னாளில் நடுவண் அரசு அதனையே தன் வானொலிக்குச் சூட்டிக்கொண்டது. ஆயினும் விந்தை பாருங்கள்! நாடு முழுமைக்கும் பெயர் தந்த மைசூரில் 1960களின் பிற்பகுதியில் வானொலி நிலையமே இல்லை. 1955இல் அது பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 1974இல்தான் இந்நகருக்கு மீண்டும் நிலையம் வாய்த்தது.

இரயில்வே, அஞ்சல்துறை, 1950இல் இங்குத் தொடங்கப்பெற்ற மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் போன்றவற்றில் பணியேற்று வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் பிள்ளைகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பயின்றனர். தமிழ் கற்பிக்கும் வகுப்பு எல்லார்க்கும் எட்டும் தொலைவில் இருக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ் வானத்தின் வழியே வந்தது. தொலைவிலுள்ள நிலையங்களின் மத்திய அலை பகலில் தெளிவாக வந்து சேராது. கதிரவன் மறைந்தபின், வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். ஆதலின் இருட்டிய பின்னரே சென்னையும் திருச்சியும் நம் வீடுகளுக்குள் நுழைந்தன. சிற்றலையில் வந்த கொழும்போ பகலிலும் ஒலித்தது.

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டிய காலம் அது. மாதக் கடைசியில் அரிசிக்கும் பாலுக்கும் கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவின் வீட்டில் அதுவும் ஒரு செலவே. அச்செலவைத் தாங்கிக்கொண்டு நம் பெற்றோர் வாங்கியது பொழுதுபோக்கை மட்டுமோ? தம் மக்கள் காதில் நாள்தோறும் தமிழ் விழவேண்டும் என்னும் ஏக்கத்திற்கு அவர் கட்டிய கட்டணம் அது.

தடை கற்பித்த பாடம்

திரைப்பாடலை இகழ்வோர் ஒரு வரலாற்றை மறவாதிருத்தல் நன்று. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்புத்துறை அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். திரைப்பாடல் மக்களின் சுவையைக் கெடுக்கும் என்பது அவர் கொள்கை. அகில இந்திய வானொலியில் அதற்கிருந்த இடம் சுருங்கிற்று. விளைந்தது யாது? மக்கள் செவ்விசைக்குத் திரும்பவில்லை. பெட்டியின் குமிழைத் திருப்பினர். கொழும்பில் 1950இல் தொடங்கப்பெற்ற வர்த்தக சேவை அவர்களுக்காகக் காத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்க்கென நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி இலங்கை வானொலியின் கையில் இருந்தது. இந்தியில் அமீன் சயானியின் குரலும் தமிழில் எஸ். பி. மயில்வாகனனின் குரலும் கடல் கடந்து வந்தன. காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்த வீடுகளை எண்ணி முடியாது. தில்லி தன் தவற்றை உணர்ந்து 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்க நேர்ந்தது. 1967இல் அதில் விளம்பரமும் நுழைந்தது.

இதில் நாம் நோக்கத்தக்கது மற்றொன்று உண்டு. இலங்கை அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னும் பின்னும் பேசிய தமிழ், அச்சில் ஏற்றத்தக்க தமிழ். 'ஒலிபரப்பு', 'அறிவிப்பாளர்', 'நேயர்' என்னும் சொற்கள் அவர்கள் வாயில் இயல்பாக வந்தன. மைசூரிலிருந்து 'ஆகாசவாணி' தில்லிக்குச் சென்றது. மைசூர்த் தமிழர் வீட்டிற்குக் கொழும்பிலிருந்து 'வானொலி' வந்தது. தமிழாசிரியர் இல்லாத வீட்டில் அவ்வறிவிப்பாளரே தமிழாசிரியர்.

இகழ்வோர்க்கு விடை

'அறிவிப்பாளர் தமிழ் நன்று, பாட்டு?' என்று வினவுவர். தொல்காப்பியர் செய்யுளியலில் 'பண்ணத்தி' என ஒன்றைக் கூறி அதற்கும் இடமளிக்கின்றார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், நாடகத்தில் வழங்கும் பாட்டுகளையும் பொதுமக்கள் பாட்டுகளையும் எடுத்துக்காட்டுகின்றார். இளங்கோவடிகள் மீனவர், வேட்டுவர், ஆயர், குறவர் ஆகியோரின் பாட்டுமுறைகளைத் தம் காப்பியத்தின் நடுவே அமரச் செய்தார். நாடகப் பாட்டுக்கு இலக்கணத்தில் இடமளித்த மொழி தமிழ். திரைப்பாட்டுக்குச் சங்க மேடையில் இடமில்லை என்போர் எந்த மரபைக் காக்கின்றனர்?

1965இல் வந்த 'பஞ்சவர்ணக்கிளி'யில் தமிழைப் போற்றும் பாவேந்தர் பாரதிதாசனின் பாடலைப் பி. சுசீலா பாடினார். பாவேந்தரின் நூல் இல்லாத வீட்டிலும் அப்பாடல் நுழைந்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு யாது என்று கேட்டால் திகைப்பவரும், தருமிக்குக் கிடைத்த பாட்டு எது என்றால் உடனே சொல்வர். 1965ஆம் ஆண்டின் 'திருவிளையாடல்' செய்த தொண்டு அது. 1968இல் 'திருமால் பெருமை' தொண்டரடிப்பொடியாழ்வாரின் பாசுரத்தைப் பட்டி தொட்டியெங்கும் கொண்டு சென்றது. அதே ஆண்டின் 'தில்லானா மோகனாம்பாள்', எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி உடன்பிறந்தாரின் நாதசுரத்தை, கோயில் திருவிழாவைக் காணாமல் வளர்ந்த பிள்ளைகளின் காதிலும் ஒலிக்கச் செய்தது.

நாட்டின் மதிப்பீடும் அவ்வாறே அமைந்தது. இசையமைப்பிற்கான முதல் தேசிய விருது, 1967ஆம் ஆண்டின் 'கந்தன் கருணை'க்காகக் கே. வி. மகாதேவனுக்குக் கிடைத்தது. பாடலாசிரியர்க்கான முதல் விருது, 1968ஆம் ஆண்டின் 'குழந்தைக்காக' படத்திற்காகக் கண்ணதாசனுக்கும், பின்னணிப் பாடகியர்க்கான முதல் விருது, அதே ஆண்டின் 'உயர்ந்த மனிதன்' படத்திற்காகப் பி. சுசீலாவுக்கும் கிடைத்தன. அன்று வந்தவை யாவும் பொன் என்று நாம் வாதிடவில்லை. பதர் எக்களத்திலும் உண்டு. பதரைக் காட்டி நெல்லையும் தூற்றிவிடுதல் உழவறியார் செயல்.

இங்கு நாம் எண்ணி நாணத்தக்க செய்தி ஒன்றுண்டு. அப்பாடல்களால் நமக்குத் தமிழ் ஊட்டியோரில் பலர்க்குத் தாய்மொழி தமிழன்று. சுசீலா விசயநகரத்தில் பிறந்த தெலுங்கர். காக்கிநாடாவில் பிறந்த பி. பி. ஸ்ரீநிவாஸ், தமிழில் பாடியதோடு கன்னடத்தில் ராஜ்குமாரின் குரலாகவும் விளங்கினார். டி. எம். சௌந்தரராஜன் மதுரைச் சௌராட்டிரர். எம். எஸ். விசுவநாதன் பாலக்காட்டில் பிறந்த மலையாளி. பிறமொழியாளர் முயன்று கற்று ழகரத்தைப் பிழையற ஒலித்தனர். தமிழ்த்தாய் வயிற்றில் பிறந்த நம் பிள்ளைகளோ மேடையேறி 'மழை'யை 'மளை' என்கின்றனர். அதற்கும் நாம் கைத்தட்டுகின்றோம்!

காதும் கண்ணும் கையும்

அன்று பாட்டுக் கேட்டவர் காதோடு நிற்கவில்லை. ஊருக்குச் சென்று மீள்வோர் படக்கொட்டகை வாயிலில் சில காசுகளுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களை வாங்கிவந்தனர். மலிவான தாள், மங்கிய அச்சு, கதைச் சுருக்கம், பாடல்கள் என்ற அளவே அதன் உள்ளடக்கம். அரிச்சுவடி முடித்த பிள்ளைக்கு அதுவே முதற் பாடநூல். காதில் ஏற்கெனவே குடியேறிய சொல்லைக் கண் தாளில் அடையாளம் காணும். எழுத்துக் கூட்ட எந்த ஆசிரியரும் வேண்டுவதில்லை. விரும்பிய பாடலைக் கேட்கவேண்டுமாயின் அஞ்சலட்டையில் தமிழில் எழுதி அனுப்புதல் வேண்டும். பெயரும் ஊரும் வானொலியில் வாசிக்கப்படுமே என்னும் ஆவலில் பிழையின்றி எழுத முனைந்தோர் பலர். கேட்டல், படித்தல், எழுதுதல் மூன்றும் ஒரு பாட்டைச் சுற்றி நிகழ்ந்தமையால்தான் அதனைப் பள்ளிக்கூடம் என்றோம்.

இன்று நிகழ்வது யாது? எந்தப் பாடலையும் கைப்பேசியில் ஒரு நொடியில் கேட்கலாம். அஞ்சலட்டை வேண்டா, பாட்டுப் புத்தகம் வேண்டா. 'இன்னிசை இரவு' மேடையில் பாடும் இளைஞர் கையிலுள்ள தாளைச் சற்றே எட்டிப் பாருங்கள். தமிழ்ப் பாட்டு கன்னட எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதப்பட்டிருக்கும். 'எழுத்து எதுவானால் என்ன, பாடினால் போதாதா?' என்பர் பெற்றோர். போதாது. பழங்கன்னடத்தில் ழகரமும் றகரமும் இருந்தன. இன்றைய வழக்கில் அவை இல்லை. கன்னட எழுத்தில் எழுதினால் 'ஒழி'யும் 'ஒளி'யும் ஒன்றாகிவிடும், 'அறம்' அரமாகிவிடும். ஆங்கில எழுத்திலோ 'வலி'யும் 'வளி'யும் ஒன்றே. 'அன்றைய பாடகர் சிலரும் தம் மொழி எழுத்தில் எழுதிப் பாடியிருக்கலாமே?' என்று வாதிடுவார்க்கு ஒன்று கூறுவோம். இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் அருகிருந்து அவர்களைத் திருத்தினர். நம் பிள்ளையின் அருகில் நிற்பவர் யார்?

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969இல் தொடங்கப்பெற்றது இம்மைசூரில். தமிழகக் கோயில் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் பேணப்பட்டதும் இந்நகரில். ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்லில் வெட்டிய தமிழெழுத்து பாதுகாக்கப்பட்ட ஊரில், சென்ற தலைமுறை அஞ்சலட்டையில் எழுதிய தமிழெழுத்து அழிகின்றது. பாட்டி எழுதிய கடிதத்தைப் பேரன் தாயிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றான், தாயும் தடுமாறுகின்றாள்.

அண்டை வீட்டார் காட்டும் நெறி

நாம் கன்னட மண்ணில் வாழ்கின்றோம். கன்னடம் கற்பது நம் கடன். அதில் குறைவைத்தல் நன்றியன்று. ஆனால் அக்கன்னடரிடமிருந்தே நாம் கல்லாத பாடம் ஒன்று உண்டு. கே. எஸ். நரசிம்மசாமியின் 'மைசூர மல்லிகெ' 1942இல் வெளிவந்த கவிதை நூல். அதன் பாடல்களைப் பாடகர்கள் இசையோடு வீடுதோறும் கொண்டு சேர்த்தனர். பேந்திரேயும் குவெம்புவும் அவ்வாறே பாட்டாயினர். 1967ஆம் ஆண்டின் 'பெள்ளி மோட' படத்திலும் பேந்திரேயின் கவிதை இடம்பெற்றது. எனினும் கன்னடர் பாடிவிட்டு நூலைப் புறக்கணித்தாரில்லை. பாட்டைக் கேட்டவர் நூலைத் தேடினர். நூல் மீண்டும் மீண்டும் அச்சேறியது. அவர்கள் வீட்டில் பாட்டு நூலுக்கு வழியாயிற்று. நம் வீட்டில் பாட்டே வழியின் முடிவாகிவிட்டது.

செய்யத்தக்கன

புலம்பெயர்ந்து வாழும் தமிழ்ப் பெருமக்களே! சங்கங்கள் இனி இன்னிசை இரவுகளை நடத்தவேண்டா என்று நாம் கூறவில்லை. நடத்துக, ஆனால் நெறியோடு நடத்துக. அன்று பாடப்பெறும் பாடல்கள் அனைத்தும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு வாயிலில் வழங்கப்பெறுதல் வேண்டும். பாடுவோர் தமிழெழுத்தைப் பார்த்துப் பாடுக. அன்றேல் மனப்பாடமாகப் பாடுக. பிறமொழி எழுத்தில் எழுதிய தாளோடு எவரும் மேடையேறலாகாது. ஒவ்வொரு பாடலுக்கும் முன் மூத்தோர் ஒருவர், அதனை இயற்றியவர் யார், அருஞ்சொல் யாது, பழம்பாடல் எதன் சாயல் அதிலுள்ளது என்பதை இரண்டு நிமிடத்தில் கூறுக. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், ஒரு பாட்டு, பத்துப் பிள்ளைகள் என்ற அளவிலேனும் வகுப்புத் தொடங்குக. பாடத்திட்டம் எங்கே என்று தேடவேண்டா. பட்டுக்கோட்டையாரும் கண்ணதாசனும் வாலியும் முன்னரே எழுதி வைத்துள்ளனர். அவர்தம் பாடல்களின் மெட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். எழுத்தைக் காட்டுவதே நாம் செய்யவேண்டுவது.

இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. ஒலிபெருக்கிக்கும் மேடை அலங்காரத்திற்கும் ஆகும் தொகையில் சிறு பங்கு போதும். 'நேரமில்லை' என்பார்க்கு ஒன்று சொல்வோம். அலுவலகத்தில் நாளெல்லாம் உழைத்து, இரவில் இரைச்சலுக்கிடையே கொழும்பையும் திருச்சியையும் தேடிக் குமிழைத் திருகிக்கொண்டிருந்த நம் பெற்றோர்க்கும் நேரம் இருந்ததில்லை. அவர்கள் உண்டாக்கிக்கொண்டனர். வரும் ஆண்டுவிழாவின் மேடையிலேனும் ஒரு பிள்ளை தமிழெழுத்தைப் பார்த்துத் தமிழ்ப் பாடட்டும். அதற்கான ஞாயிற்று வகுப்பை இவ்வாரமே தொடங்குவோமாக!