மருத்துவ எழுத்தருக்குத் தமிழ் வேண்டாவோ?

வைத்தியர் நோயாளியின் முகத்தை நோக்கி உரையாட, அருகிலிருந்து அவ்வுரையாடலைக் கணினியிற் பதிவுசெய்பவரே மருத்துவ எழுத்தராவார். வெளிநோயாளர் பகுதியில் இப்பணிக்கு விரைந்த விரல்களும் ஆங்கில வைத்தியச் சொற்களும் போதுமென்பர் பலர். தமிழறிவே முதற்கண் வேண்டுவதென்பது எமது துணிபு.

பாலக்கரை மூதாட்டியொருவர் வைத்தியரிடம், "மயக்கமாக வருகிறது" என்கிறாரென்று வைத்துக்கொள்வோம். அது தலைசுற்றலோ, நினைவிழத்தலோ? "நெஞ்சு கரிக்கிறது" என்பதை நெஞ்சுவலியென்று எழுதிவிடின் சிகிச்சையே வழிதவறக்கூடும். ஆதலின், எழுத்தர் நோயாளி கூறிய சொல்லை அவ்வாறே குறித்தல் வேண்டும். ஐயமுற்றால் வைத்தியரை வினவல் வேண்டும். தாமாக ஒன்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒண்ணாது. மருந்தின் பெயர், அளவு, நோயாளிக்கு ஒவ்வாத மருந்து ஆகியவற்றைப் படித்துக் காட்டுதலும், வைத்தியர் முழுதும் பார்வையிட்டுக் கையொப்பமிடுதலும் இன்றியமையாதன. கேட்ட செய்தி அறையின் புறத்தே செல்லலாகாது.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார்; ஆங்கில வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழிற் பெயர்த்தளித்தார். பிறநாட்டவரான அவரே நோயாளியின் மொழியை அங்ஙனம் மதித்தாரெனின், இத்தொழிலை நாடும் நம் மாணவர் அதனைப் புறக்கணித்தல் தகுமோ?