பேயா, மூளையின் வியாதியா?

கடலூர், சிதம்பரம் பக்கங்களில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, நாலு நாள் லேசான காய்ச்சலும் தலைவலியுமாய் இருந்துவிட்டு, பிறகு இராத்தூக்கம் கெட்டு, சம்பந்தமில்லாமல் பேசி, இல்லாத ஆளைக் கண்டு அலறி, வாயைக் கோணி நாக்கைச் சுழற்றி, வலிப்பும் வந்து கிடப்பாளானால், இது என்ன வியாதி என்று கேட்பவர்களைவிட எந்தப் பேய் என்று கேட்பவர்களே அதிகம் என்பதை யாரும் மறுக்க முடியாது. உடனே கோடாங்கி வருகிறான், உடுக்கை வருகிறது. ஒருவன் புளியமரத்து முனி என்கிறான். மற்றொருவன், மாமியார் சோற்றில் வைத்த இடுமருந்து என்று சொல்லி, வயிற்றிலிருந்து மயிர்ச் சுருளை உறிஞ்சி எடுத்ததாகக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு போகிறான். புருஷனோடு வாழப் பிடிக்காமல் போடுகிற வேஷம் என்று சொல்லும் புத்திசாலிகளும் உண்டு.

மயிர்ச் சுருள் விஷயத்தில் ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். ஸ்பெயின் தேசத்து டாக்டர் டால்மாவ் என்பவரும் அவரது கூட்டத்தாரும் அமெரிக்காவில் இருந்துகொண்டு, இப்படிப் புத்தி மாறி வலிப்பு கண்ட 12 பெண்களைச் சோதித்து, 2007-ல் வெளியிட்டார்கள். அவர்களில் அநேகமாக எல்லோருக்கும் சினைப்பையில் ஒரு கட்டி இருந்தது. இவ்விதக் கட்டிக்குள் மெய்யாகவே மயிரும் பல்லும் இருப்பதுண்டு; நரம்புச் சதையும் இருக்கும். அந்த நரம்புச் சதையை அந்நியன் என்று எண்ணி, நோயை எதிர்க்கவேண்டிய நமது இரத்தமே ஓர் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அது மூளைக்கும் போய், அங்கே உள்ள அதே ஜாதிப் பொருளைத் தாக்குகிறது. இவ்வளவுதான் பேய்! கட்டி இல்லாமலும், ஆண்களுக்கும் குழந்தைகளுக்குங்கூட இது வரும்; அபூர்வமாகத்தான் வரும்.

முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் அந்த எதிர்ப்பொருள் தெரிந்துவிடும். படம் பிடித்துப் பார்த்து மூளை நன்றாயிருக்கிறது என்று சொல்லி விட்டுவிடக் கூடாது; இந்த வியாதியில் படம் பலபேருக்குச் சுத்தமாகவே இருக்கும். ஸ்டீராய்டு ஊசி, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றுதல், கட்டியிருந்தால் அதை அறுத்தெடுத்தல் ஆகியவையே வைத்தியம். போதாவிட்டால் ரிட்டுக்ஸிமாப் உண்டு. 2013-ல் வெளியான ஒரு கணக்கில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 501 பேரில் 394 பேர் இரண்டு வருஷத்திற்குள் நன்றாகத் தேறினார்கள். 30 பேர் இறந்தார்கள். சீக்கிரம் வைத்தியம் தொடங்கப்பட்டவர்களே அதிகமாகத் தேறினார்கள். ஆகவே கோடாங்கி வாங்குவது காசு மாத்திரமல்ல, நாட்களையும் வாங்குகிறான்.

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுக்கு இந்த வியாதிதான் என்று நாம் சொல்லவில்லை. கட்டிப்போடுவதையே வைத்தியம் என்று நம்பும் புத்தி எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. வலிப்பையும் காய்ச்சலையும் விசாரிக்காமல் மனோவியாதி என்று சீட்டெழுதித் தூக்க மாத்திரை கொடுத்தனுப்புவது, கோடாங்கியைவிட எவ்வளவு மேல் என்று அவர்களே யோசிக்கட்டும்.

இம்யூனோகுளோபுலின் விலை ஏழைக்கு எட்டாது என்பது மெய்தான். ஆனால் அண்ணாமலை நகரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. போகும்போது காய்ச்சல் வந்தது என்றைக்கு, தூக்கம் போனது என்றைக்கு, முதல் வலிப்பு என்றைக்கு என்ற மூன்று தேதிகளையும் எழுதிக்கொண்டு போங்கள். வேறு காகிதம் அகப்படாவிட்டால் வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தின் ஓரத்திலேயே எழுதலாம்.