குழந்தையின் கண்ணுக்கும் கைக்கும் ஒரு கம்பளிச் சட்டை

குழந்தைகளுக்கென்று கடைகளில் விற்கும் கம்பளிச் சட்டைகளில், மார்பின் நடுவே ஆங்கில எழுத்தையோ எண்ணையோ பெரிதாகப் பொறித்துவிட்டு, அதனாலேயே அது அறிவை வளர்க்கும் உடுப்பு என்று விளம்பரம் செய்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அந்தச் சட்டையை அணிந்த குழந்தை தன் மார்பைக் குனிந்து பார்த்தால் எழுத்து அதற்குத் தலைகீழாகத் தெரியும் என்பதையும், எதிரே நிற்கும் பெரியவர்களுக்கு மாத்திரமே நேராகத் தெரியும் என்பதையும் சற்று யோசித்தால், அந்த அலங்காரம் யாருடைய திருப்தியின் பொருட்டுச் செய்யப்பட்டது என்பது விளங்கிவிடும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஓர் உடுப்பு எதையாவது கற்பிக்க வேண்டுமானால், அந்தப் பாடம் குழந்தையின் கண் தானாக விழும் இடத்திலும் அதன் விரல்கள் தானாகச் சென்று துழாவும் இடத்திலும் இருக்கவேண்டும்; அப்படிப்பட்ட சட்டையைச் செய்வதற்குப் பின்னல் வேலையில் வல்லவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை; இந்த மாதந்தான் ஊசியைக் கையில் எடுத்த ஒரு தாயோ, தகப்பனோ, பாட்டியோ, ஒரே ஒரு வகைப் பின்னலைக் கொண்டு அதைச் செய்துவிடலாம் என்பதே என் அபிப்பிராயம். இன்னும் ஒருபடி மேலே சென்று, சித்திர விசித்திரமான நிபுணரின் வேலையைக் காட்டிலும், ஆரம்பநிலையில் இருப்பவருடைய எளிய வேலையே இந்தக் காரியத்துக்கு அதிகம் உகந்தது என்றும் சொல்லுவேன்.

பின்னலுக்கும் பாலர் கல்விக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பிரான்சு தேசத்தின் கிழக்கு ஓரத்தில், ஆல்சேஸ் பிரதேசத்து வோஜ் மலைகளில், வால்டெர்ஸ்பாக் என்னும் சிற்றூரையும் அதைச் சூழ்ந்த கிராமங்களையும் பதினெட்டாம் நூற்றாண்டில் கடும் வறுமை பீடித்திருந்தது. 1767ஆம் ஆண்டில் அங்கே பாதிரியாராக வந்து, 1826இல் கண்மூடும் வரையில் அம்மக்களுக்காகவே உழைத்த ழான் ஃப்ரெடெரிக் ஓபர்லின் என்பவர், சாரா பான்ஸே என்ற இளம்பெண் அக்கம்பக்கத்துக் குழந்தைகளை ஒன்றுசேர்த்து வைத்துக்கொண்டு பின்னல் கற்பித்து வருவதை அறிந்து, அந்தச் சிறு முயற்சியையே வித்தாகக் கொண்டு, பள்ளிக்கூட வயதை எட்டாத பாலர்களுக்கென்று பின்னல் பள்ளிகளை ஏற்படுத்தினார். தாய்தந்தையர் வயலுக்கும் காட்டுக்கும் போய்விட, வெதுவெதுப்பான ஓர் அறையில் கூடிய குழந்தைகள், பெரியவர்கள் ஊசியும் நூலுமாக இருக்கப் பின்னலில் பழகினார்கள். கை பின்னிக்கொண்டிருக்கையில் காது கதை கேட்டது. கண், செடிகொடிகளின் படங்களையும் விலங்குகளின் படங்களையும் கண்டு பெயர் கற்றது. வீட்டில் வட்டார வழக்கையே பேசிய நாக்கு, பிரெஞ்சு மொழியையும் பழகிக்கொண்டது. சாரா முப்பது வயது நிறைவதற்கு முன்பே 1774இல் இறந்துபோனார். அவருக்குப் பின்னும் லூயிஸ் ஷெப்லர் முதலிய பெண்மணிகள் அந்தப் பணியை நெடுங்காலம் நடத்தி வந்தார்கள். ஐரோப்பாவின் பாலர் பள்ளிகளுடைய பூர்வ சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அந்த மலையூர் அறைகளிலிருந்து ஆரம்பிப்பது நியாயமே. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு ஜோடி காலுறையாவது மிஞ்சட்டும் என்ற நிர்ப்பந்தமும் அதில் இருந்தது உண்மைதான். ஆனால் விரல்களுக்கு ஒழுங்கான வேலை கிடைக்கும்போது குழந்தையின் மனம் நிலைகொண்டு நிற்கிறது என்று அங்கே அனுபவத்தில் கண்ட உண்மை, அந்த வறுமை நீங்கியதோடு நீங்கிப்போகவில்லை.

பிற்காலத்தில் ஜெர்மனியில் 1837ஆம் ஆண்டு பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் தம் பாலர் நிலையத்தைத் தொடங்கிய ஃப்ரோபெல், குழந்தைக்கு முதல் விளையாட்டுப் பொருளாகத் தேர்ந்தெடுத்தது என்னவென்றால், கம்பளி நூலால் ஆன, ஆறு வெவ்வேறு வர்ணங்கள் கொண்ட ஆறு பந்துகள். 1907இல் ரோமாபுரியின் ஏழைப் பகுதியாகிய சான் லொரென்ஸோவில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மாண்டிசோரி அம்மையாரோ, மரச் சட்டங்களில் இரண்டு துணித் துண்டுகளைப் பூட்டி, ஒன்றில் பெரிய பொத்தான்கள், இன்னொன்றில் சிறியவை, மற்றொன்றில் நாடா என்று அமைத்து, உடுத்திக்கொள்ளும் வித்தையையே ஒரு பாடமாக்கினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்ததும், இரண்டாவது மகாயுத்தத்தின் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேரிட்டதும், 1942 முதல் ஏறக்குறைய இரண்டாண்டுகள் கோடைக்கானலில் வசித்துக் குழந்தைகளோடு பழகித் தம் முறையை விரிவுபடுத்தியதும் நம் நாட்டவர் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்திகள். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் கம்பளிச் சட்டை ஆடம்பரமன்று. உதகையிலும் குன்னூரிலும், இலங்கையில் நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது அன்றாடத் தேவை. நான் சொல்லப்போகிற சட்டை முதலில் அவர்களை உத்தேசித்ததே. சமவெளியில் இருப்பவர்கள் மார்கழிப் பனிக்கு அதையே பருத்தி நூலில் பின்னிக்கொள்ளலாம்.

பின்னலில் நிட் என்றும் பர்ல் என்றும் இரண்டு வகைக் கண்ணிகள் உண்டு. முதல் வகையை மட்டும் கற்றுக்கொண்டு, எல்லா வரிசைகளையும் அதிலேயே பின்னிக்கொண்டு போனால், துணியின் இரண்டு பக்கங்களிலும் வயலின் வரப்பைப் போல மேடுமேடாக எழும்பி வரும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. ஓரம் சுருளாது, உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதம் அநேகமாக இராது. நடுத்தரத் தடிமனில் டபுள் நிட்டிங் என்று உறையில் அச்சிட்டிருக்கும் நூல் 200 முதல் 250 கிராம் வரையும், பழைய கணக்கில் எட்டாம் நம்பர் என்று சொல்லப்பட்ட 4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடியும் இருந்தால் மூன்று வயதுக் குழந்தையின் சட்டைக்குப் போதும். இத்தகைய நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 22 கண்ணிகள் வருமென்றாலும், ஒருவர் கை இறுக்கமாகவும் இன்னொருவர் கை தளர்ச்சியாகவும் இருப்பது இயல்பாகையால், ஒரு சிறு துண்டு பின்னி அளந்து பார்த்துவிட்டுத் தொடங்குவதே புத்திசாலித்தனம். 68 கண்ணிகள் ஏற்றினால் 31 சென்டிமீட்டர் அகலம் கிடைக்கும். அந்த அகலத்தில் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என நீள்சதுரமாக இரண்டு துண்டுகள் போதும். கழுத்துக்கென்று வளைவு வெட்டவேண்டாம். தோள்களை இரு ஓரங்களிலிருந்தும் தைத்துக்கொண்டு வந்து, நடுவில் 22 சென்டிமீட்டர் திறப்பு விட்டுவிட்டால், மேல் விளிம்பின் கண்ணிகளைத் தளர்த்தியாக முடித்திருக்கும் பட்சத்தில், மூன்று வயதில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள தலை தாராளமாக நுழையும். குழந்தையின் தலை அதன் உடம்பை நோக்கப் பெரிது. இறுகிய கழுத்துக்குள் சிக்கிக்கொண்டு இருட்டில் ஒருமுறை திணறிய குழந்தை, தானாக உடுத்திக்கொள்ளும் ஆசையையே விட்டுவிடும் என்பதால், இந்தத் தாராளத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பாடம் இருக்கவேண்டிய இடம் கை. கையை நீட்டினால் குழந்தைக்கு நேராகத் தெரிவது சட்டையின் கைப்பகுதியே. தோளிலிருந்து மணிக்கட்டை நோக்கிப் பின்னிக்கொண்டு வருகையில், முழங்கைக்குச் சற்று மேலே வேறு வர்ணத்தில் ஒரே ஒரு வரப்பு, பிறகு சட்டையின் நிறத்தில் நான்கு வரப்பு இடைவெளி, பிறகு வர்ணத்தில் இரண்டு வரப்பு, மறுபடி இடைவெளி, அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து. வர்ண வரப்புகள் மொத்தம் 15. இதில் எண் எழுதப்படவில்லை; ஆனால் ஒன்றைவிட இரண்டு அகலம், இரண்டைவிட மூன்று அகலம் என்பது கண்ணுக்குப் பிரத்தியட்சமாகத் தெரிகிறது; விரலை ஓட்டினால் மேடு மேடாகத் தட்டுப்படுகிறது; இருட்டிலும் எண்ணலாம். மாண்டிசோரியின் எண் கோல்கள் பத்தும், 10 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை படிப்படியாக வளர்ந்து, எண்ணிக்கையை அளவாகவே காட்டுவன. இந்தக் கை வரப்புகள் அதே தத்துவத்தைத்தான் உடம்போடு ஒட்டி வைக்கின்றன. ஒன்று, இரண்டு என்று வாயால் ஒப்பிக்கிற குழந்தைகள் அநேகம். மூன்று என்ற சொல்லுக்கு மூன்று பொருள் நேராக நிற்கவேண்டும் என்பதை உணர்ந்த குழந்தை குறைவு. அந்த உணர்வு விரல் வழியாக வருவதுபோல வேறு எந்த வழியாகவும் வருவதில்லை. நூல் பிடித்துப் பழகுகிறவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. ஐந்து வரப்புக்குப் பத்து வரிசை என்று எண்ணி எண்ணிப் பின்னுவதே அவருக்கும் முதற்பாடம்.

கையின் பட்டைகளுக்கு ஒரு பக்கம் சிவப்பும் மற்றப் பக்கம் நீலமும் வைத்தால், சோற்றுக் கை எது, பீச்சாங்கை எது என்று அறிந்துகொள்ள அதுவே உதவியாகும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்கவேண்டாம்; ஆண்குழந்தைகளில் சிலருக்கு அவ்விரண்டையும் பிரித்தறிவது பிறவியிலேயே கடினம். ஒவ்வொரு பட்டைக்கும் ஒவ்வொரு நிறம் என்று வானவில்லை வாரி இறைப்பதும் தவறு. நிறம் மாறிக்கொண்டே இருந்தால் கவனம் நிறத்தில் போய்விடும், எண்ணிக்கை மறைந்துவிடும்.

முன்பக்கத்தில் வயிற்றுக்கு நேராக ஒரு பை; அதற்கு ஒரு மூடி; மூடியில் 2.5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு பெரிய பொத்தான். ஒரு வரிசையில் நடுவே மூன்று நான்கு கண்ணிகளை முடித்துவிட்டு, அடுத்த வரிசையில் அதே இடத்தில் அத்தனை கண்ணிகளை மறுபடி ஏற்றினால் காஜா தயார். பை இருக்கும் பக்கமே முன்பக்கம் என்பதைக் குழந்தை ஒரே நாளில் கண்டுகொள்ளும். பொத்தானைப் போடுவதற்கு முன்பு கழற்றுவதற்கே கைவரும். ஆகையால் உள்ளே ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துப் பொத்தானைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பேசாமல் இருந்துவிட வேண்டும். பெரியவர்களுக்குக் கஷ்டமான காரியம் அதுதான். பொத்தானைப் பலமான நூலால் தைத்து அடிக்கடி இழுத்துப் பார்க்கவேண்டும். எதையும் வாயில் வைக்கும் பருவத்துப் பிள்ளைக்குப் பொத்தானே வேண்டாம். கழுத்தில் கயிறோ நாடாவோ எந்த வயதிலும் ஆகாது. மணி, சலங்கை, ஜிப் என்று ஒரே சட்டையில் ஒரு விளையாட்டுக் கடையைத் தைத்து வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவு சிரமப்படுவானேன், கடையில் இதைவிட அழகாகவும் சகாயமாகவும் கிடைக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, விலையில் அவர்கள் சொல்வதே சரி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைச் சட்டை குழந்தையின் கண்ணுக்கு முழுசாகப் பிறந்து வருகிறது. வீட்டுச் சட்டையோ பந்தாக இருந்த நூல் துணியாக மாறுவதையும், தவறிய கண்ணியைக் கண்டதும் அம்மா நாலு வரிசையைப் பிரித்துவிட்டு முகம் சுளிக்காமல் மறுபடி பின்னுவதையும் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி செய்கிறது. தப்பு நேர்ந்தால் பிரிக்கலாம், மறுபடி செய்யலாம் என்ற தைரியத்தை எந்தப் பாடப்புத்தகம் அந்த வயதில் கொடுக்கும்? கைத்தொழில் வழியே கல்வி என்று 1937இல் வார்தாவில் காந்தியடிகள் நாட்டின் முன் வைத்த ஆதாரக் கல்வித் திட்டம் வளர்ந்த பிள்ளைகளை உத்தேசித்தது. பாலர்களுக்கு, வேலை செய்கிற கையை அருகிலிருந்து பார்ப்பதே பாதிக் கல்வி.

அப்படிப் பார்க்கப்படும் கை பெண்ணுடைய கையாக மாத்திரம் இருக்கவேண்டும் என்ற நியதி ஏதும் இல்லை. 1919இல் ஸ்டுட்கார்ட் நகரில் ருடால்ஃப் ஸ்டைனர் ஆரம்பித்த வால்டார்ஃப் பள்ளியின் வழியில் வந்த பள்ளிகளில், முதல் வகுப்பிலேயே சிறுவர் சிறுமியர் இருபாலாரும் ஊசி பிடித்துப் பின்னுகிறார்கள். நம் பள்ளிகளிலோ பின்னலைப் பெண்களின் தையல் வகுப்போடு சேர்த்து ஒதுக்கினோம். பிறகு அந்த வகுப்பையும் பல இடங்களில் கைவிட்டோம். இது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

சட்டை எவ்வளவு நன்றாக அமைந்தாலும், காலையில் பள்ளி வண்டி வருகிற நேரத்தில் குழந்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் திணித்து, பொத்தானையும் தாமே போட்டு, தள்ளாத குறையாக வாசலுக்கு அனுப்பும் வீட்டில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குழந்தை தலையை நுழைத்துக் கையைத் தேடிப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதற்குப் பத்து நிமிஷம் தேவை. அந்தப் பத்து நிமிஷத்துக்காக வீடு முழுவதும் சற்று முன்னதாக எழுந்திருக்கத்தான் வேண்டும். பள்ளிகளும், மலையூர்களிலாவது, குழந்தைகள் உள்ளே வந்ததும் சட்டையைத் தாமே கழற்றி மடித்து வைப்பதற்கு அவகாசம் தந்து, அதையும் பாடத்தின் நேரமாகவே கணக்கிடவேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பின்னல் முடிகிற விளிம்பு மணிக்கட்டில் இருப்பதால், அடுத்த வருஷம் குழந்தையின் கை நீண்டதும் அந்த விளிம்பை மாத்திரம் பிரித்துக் கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றிக்கொண்டு, நான்கு வரப்பு இடைவெளி விட்டு ஆறாவது பட்டையைச் சேர்த்துவிடலாம். சாயம் தோய்த்த தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்று வேறுபடும். ஆகையால் நூல் வாங்கும்போதே உறையில் உள்ள சாய எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, சட்டை நிறத்தில் ஒரு பந்தும் பட்டை நிறங்களில் ஒவ்வொரு சிறு பந்தும் அதிகமாக வாங்கி, வேப்பிலையோடு பெட்டியில் போட்டு வைக்கவேண்டும். ஆறாவது பட்டைக்கு எத்தனை வரப்பு வேண்டும் என்பதை அப்போது குழந்தையையே கேட்கலாம்.